நோயியல் டிப்ளமேட் தேர்வுக்கு மாவட்டத்தில் பணியில் இருந்தபடியே படிப்பது எப்படி?

குறிஞ்சிப்பாடி மருந்தகம் எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். கால்நடை நோயியலில் முதுநிலைப் பட்டம் முடித்தபின், கடலூர் மாவட்டத்தில் ஒரு கால்நடை மருந்தகத்தில் உதவி மருத்துவராகப் பணியாற்றி வருகிறேன். காலைப் பொழுது சினை ஊசி, சினைப் பரிசோதனை, குடற்புழு நீக்கம் என்று கழிகிறது. தடுப்பூசி முகாம் நடக்கும் மாதங்களில் மாலையும் நம் கையில் இல்லை. ஆனாலும் நோயியலை விட்டுவிட மனம் இடம் தரவில்லை. முதலில் இந்தியக் கால்நடை நோயியலாளர் கல்லூரியின் டிப்ளமேட் (துறை வல்லுநர் சான்று) தேர்வையும், வாய்ப்பு அமைந்தால் பின்னாளில் அமெரிக்கக் கால்நடை நோயியலாளர் கல்லூரியின் தேர்வையும் எழுத வேண்டும் என்பது என் விருப்பம்.

என்னிடம் ஒற்றைக்கண் நுண்ணோக்கி ஒன்றும், முதுநிலைப் படிப்பின்போது சேர்த்த ஸ்லைடுகள் சிலவும், மூன்று தொகுதிகளாக வரும் வீட்டு விலங்கு நோயியல் நூலும் உள்ளன. அருகில் அமர்ந்து ஸ்லைடு காட்டிச் சொல்லித்தர ஆசிரியர் எவரும் இல்லை. இரவு உணவுக்குப் பின் கிடைக்கும் நேரத்தை எதில் செலவிட வேண்டும்? நூலை முதல் பக்கத்திலிருந்து படிப்பதா, ஸ்லைடுகளில் தொடங்குவதா? இத்தேர்வுகளை எழுதியவர்களும், எழுதுவோருக்கு வழிகாட்டியவர்களும் தங்கள் கருத்தைக் கூறினால் நன்றியுடையவனாக இருப்பேன்.

கெடிலக்கரை எழுதியது:

வணக்கம் டாக்டர். நான் திருப்பாதிரிப்புலியூரைச் சேர்ந்தவன். இப்போது பெங்களூரில் ஒரு நச்சியல் ஆய்வகத்தில் நோயியலாளராக இருக்கிறேன். படிக்கும் முறையைப் பற்றிப் பேசுவதற்கு முன்னால், இரண்டு தேர்வுகளையும் பிரித்துப் பார்த்துக்கொள்வது நல்லது.

1949ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட அமெரிக்கக் கல்லூரியின் தேர்வை, முதுநிலைப் பட்டத்தை மட்டும் வைத்துக்கொண்டு எழுதிவிட முடியாது. டிப்ளமேட்டுகளின் மேற்பார்வையில், முறையான பயிற்சித் திட்டம் ஒன்றில் முழுநேரமாகப் பயின்றிருக்க வேண்டும். தேர்வும் இரண்டு கட்டமாக நடக்கிறது. முதற்கட்டம் பொது நோயியலைச் சார்ந்தது. செல் எவ்வாறு சேதமடைகிறது, அழற்சி எப்படித் தொடங்கி எப்படி அடங்குகிறது, இரத்தம் எதனால் உறைகிறது, கட்டி எவ்வாறு பரவுகிறது என்பவற்றின் செயல்முறைகளை அது கேட்கும். இரண்டாம் கட்டத்தில்தான் வெறுங்கண்ணால் காணும் மாற்றங்களும், நுண்ணோக்கியில் காணும் மாற்றங்களும், இனம் இனமாக நோய்களும் வருகின்றன. விண்ணப்பதாரர்களுக்கான கையேட்டை அக்கல்லூரி வெளியிடுகிறது. இணையத்தில் யாரோ எழுதியதை நம்பாமல், விண்ணப்பிக்கும் ஆண்டின் கையேட்டையே நேராகப் படியுங்கள்.

இந்தியக் கல்லூரி, இந்தியக் கால்நடை நோயியலாளர் சங்கத்தைச் சார்ந்தது. வேலையை விட்டு வெளிநாடு செல்ல முடியாத நம்மைப் போன்றவர்களுக்கு அதுவே கைக்கெட்டும் வாயில் என்பதால், அதில் தொடங்கலாம் என்ற உங்கள் முடிவு சரியானது.

இன்னொன்றையும் தெளிவுபடுத்த விரும்புகிறேன். நம் நாட்டில் கால்நடை மருத்துவராகப் பதிவு பெறுவது 1984ஆம் ஆண்டின் இந்தியக் கால்நடை மருத்துவக் குழுச் சட்டத்தின்படி, இளநிலைப் பட்டத்தின் அடிப்படையில் நடப்பது. டிப்ளமேட் ஆனதால் அரசுப் பணியில் ஊதியம் உயர்ந்துவிடும் என்று எதிர்பார்க்க வேண்டாம். நச்சியல் ஆய்வகங்களில் நிலைமை வேறு. 2011ஆம் ஆண்டு, பொருளாதார ஒத்துழைப்பு மற்றும் வளர்ச்சி அமைப்பின் தரவு ஏற்பு உடன்பாட்டில் இந்தியா முழுமையாக இணைந்தது. நம் ஆய்வகங்களின் அறிக்கைகளைப் பிற நாடுகள் மறு ஆய்வின்றி ஏற்கத் தொடங்கியபின், அந்த அறிக்கைகளில் கையொப்பமிடும் நோயியலாளரின் தகுதி கூர்ந்து பார்க்கப்படுகிறது. நீங்கள் எதற்காகப் படிக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தே பாடத்தின் எந்தப் பகுதிக்கு எவ்வளவு நேரம் என்பதும் அமையும்.

முதலியார்பேட்டை மாணவர் எழுதியது:

நான் நோயியல் முதுநிலை இரண்டாம் ஆண்டில் இருக்கிறேன். மூன்று தொகுதிகளையும் ஒருமுறை முழுமையாகப் படித்து, ஒவ்வொரு நோய்க்கும் ஓர் அட்டை எழுதி, அந்த அட்டைகளை மனப்பாடம் செய்தபின் ஸ்லைடுகளுக்குச் செல்வதே முறை என்று எங்கள் மூத்த மாணவர்கள் கூறுகிறார்கள். நோயின் பெயரே தெரியாதபோது ஸ்லைடைப் பார்த்து என்ன புரிந்துவிடப் போகிறது என்பது அவர்களுடைய வாதம். எனக்கும் அது நியாயமாகவே படுகிறது.

ஊசுட்டேரி எழுதியது:

தம்பி முதலியார்பேட்டைக்கும், இழையைத் தொடங்கிய டாக்டருக்கும் சேர்த்தே எழுதுகிறேன். பல ஆண்டுகள் நோயியல் கற்பித்துவிட்டு ஓய்வு பெற்றவள் நான். மூத்த மாணவர்கள் சொல்லும் முறையில் படித்தவர்கள் தேர்வில் எங்கே தடுமாறுகிறார்கள் என்பதை அருகிலிருந்து பார்த்திருக்கிறேன். நோயின் பெயரை மனத்தில் வைத்துக்கொண்டு ஸ்லைடைப் பார்ப்பவருக்கு, அந்தப் பெயருக்குப் பொருந்துவது மட்டுமே கண்ணில் படுகிறது. பொருந்தாதது கண்முன் இருந்தும் தெரிவதில்லை. விடைத்தாளைத் திருத்துபவர் மதிப்பெண் தருவதோ முதலில் விவரிப்புக்கு. நோயின் பெயர் தவறினாலும் விவரிப்புச் சரியாக இருந்தால் பெரும்பகுதி மதிப்பெண் கையில் நிற்கும். விவரிப்பு இல்லாமல் பெயரை மட்டும் சரியாக எழுதியவருக்கு அந்த நிலை இல்லை.

ஆகவே என் கருத்து இது: பெயரிடுவதற்கு முன் விவரிக்கப் பழகுங்கள். நாள்தோறும் ஒரே ஒரு ஸ்லைடு போதும். எந்த உறுப்பு, அதில் எவ்வளவு பகுதி பாதிக்கப்பட்டுள்ளது, பாதிப்பு ஓரிடத்திலா, பல இடங்களில் சிதறியா, முழுதும் பரவியா, இயல்பான திசுவை அது அழித்திருக்கிறதா அல்லது விரித்து விலக்கியிருக்கிறதா, வந்து சேர்ந்திருக்கும் செல்கள் எவை, அவற்றுள் மிகுதியானது எது, அடுத்தது எது, நுண்ணுயிர் தென்படுகிறதா, தென்பட்டால் அதன் அளவும் வடிவமும் நிறமும் என்ன என்று வரிசை மாறாமல் கையால் எழுத வேண்டும். அதன் பிறகே, கண்ட மாற்றங்களைச் சுருக்கிச் சொல்லும் உருவவியல் முடிவை எழுத வேண்டும். நோய்க்காரணி அதற்கும் பின்னால்தான். எழுதி முடித்த அன்றிரவே, அந்த நோய்க்குரிய பக்கங்களை நூலில் படியுங்கள். அப்படிப் படித்த பக்கம் மறக்காது. அட்டையில் எழுதிய வரி தேர்வறையில் கைவிட்டுவிடும்.

சொல்லித்தர ஆசிரியர் இல்லையே என்று வருந்த வேண்டாம். அமெரிக்க இராணுவத்தின் கூட்டு நோயியல் மையம் நடத்தும் புதன்கிழமை ஸ்லைடு கருத்தரங்கின் தொகுப்பு இணையத்தில் கட்டணமின்றிக் கிடைக்கிறது. ஒரு பருவத்தில் ஏறக்குறைய நூறு நோய் நிகழ்வுகள் வரும். ஒவ்வொன்றிலும் விலங்கின் விவரம், வரலாறு, வெறுங்கண்ணில் கண்டவை, நுண்ணோக்கி விவரிப்பு, முடிவு, அதன் பின் விவாதம் என்ற ஒழுங்கு இருக்கும். படத்தை மட்டும் திறந்து, கீழே உள்ளதை மறைத்துவிட்டு, முதலில் உங்கள் விவரிப்பை எழுதுங்கள். பிறகு அவர்களுடையதோடு வரிக்கு வரி ஒப்பிடுங்கள். நீங்கள் எழுதாமல் விட்ட சொல் எது என்று பார்ப்பதுதான் அங்கே கிடைக்கும் பாடம்.

நூலின் அத்தியாயங்களையும் தனித்தனியாக எண்ண வேண்டாம். மாட்டுப் பொங்கலுக்கு மறுநாள் நம் மருந்தகங்களுக்கு வரும் மாடுகளையே எடுத்துக்கொள்வோம். அன்போடு அளவுக்கு மீறி ஊட்டிய சோறும் பொங்கலும் முதல் இரைப்பையில் விரைவாக நொதித்து லாக்டிக் அமிலமாகின்றன. அமில காரக் குறியீடு 5-க்கும் கீழே இறங்குகிறது. இரைப்பையின் சவ்வு அரிக்கப்படுகிறது. பிழைத்துக்கொண்ட மாட்டில், அந்தப் புண்களின் வழியே ஃபியூசோபாக்டீரியம் நெக்ரோஃபோரம் என்ற பாக்டீரியா போர்ட்டல் சிரைக்குள் நுழைந்து கல்லீரலில் சீழ்க்கட்டிகளை உண்டாக்குகிறது. அத்தகைய கட்டி ஒன்று பின் பெருஞ்சிரையை ஒட்டி அமைந்துவிட்டால், சிரையின் சுவர் அழற்சியுற்று உள்ளே உறைகட்டி தோன்றும். அதிலிருந்து உடைந்த துணுக்குகள் நுரையீரலைச் சென்றடையும். அங்கே தமனியின் சுவர் வீங்கி வெடித்தால், மாடு மூக்கிலும் வாயிலும் இரத்தம் கொட்டி இறக்கும். செரிமான மண்டலம், கல்லீரல், இரத்தக் குழாய், சுவாச மண்டலம் என நூல் நான்கு இடங்களில் பிரித்துச் சொல்வது ஒரே மாட்டின் கதை. இரத்தம் கக்கி இறந்த மாட்டின் நுரையீரல் படத்தைக் காட்டிக் கல்லீரலில் என்ன எதிர்பார்ப்பீர்கள் என்று கேட்பது எல்லாத் தேர்வாளர்களுக்கும் பிடித்தமான கேள்வி. மாவட்டத்தில் பணியாற்றுபவருக்கு இந்தச் சங்கிலியின் முதற்கண்ணி ஆண்டுதோறும் கண்ணெதிரே நிகழ்கிறது. அதை விடப் பெரிய பாடசாலை வேறெங்கே இருக்கிறது?

வேப்பூர்ச் சந்தை எழுதியது:

அம்மா சொன்னதை அப்படியே வழிமொழிகிறேன். களத்தில் இருப்பவன் என்ற முறையில் சிலவற்றைச் சேர்க்கிறேன்.

நம் பக்கத்தில் இறந்த விலங்கு நம்மிடம் வந்து சேர்வதற்குள் பல மணி நேரம் ஆகிவிடுகிறது. அக்கினி நட்சத்திர நாள்களில் கேட்கவே வேண்டாம். அதனால் அழுகலை நோய் என்றும் நோயை அழுகல் என்றும் எழுதும் ஆபத்து நமக்கு மிகுதி. அதே காரணத்தால் அதைப் பிரித்தறியும் பயிற்சியும் நமக்கே மிகுதியாகக் கிடைக்கிறது. இறந்தபின் முதல் இரைப்பையின் உட்சவ்வு தானே உரிந்துவிடும். அது புண் அன்று. பித்தப்பையை ஒட்டிய கல்லீரலும் குடலும் பச்சை மஞ்சளாக ஊறியிருக்கும். ஹைட்ரஜன் சல்ஃபைடு இரத்தத்தின் இரும்போடு சேர்வதால் உறுப்புகளின் மேற்பரப்பு கரும்பச்சையாக மாறும். இதயத்திலுள்ள உறைவு வழவழப்பாகவும் பளபளப்பாகவும் இருந்து, இழுத்தால் ஒட்டாமல் வந்துவிட்டால் அது இறந்தபின் உறைந்தது. மங்கலாக, உதிரும் தன்மையோடு சுவரைப் பற்றிக்கொண்டிருந்தால் உயிரோடு இருந்தபோதே உருவான உறைகட்டி. நுண்ணோக்கியில் பார்க்கும்போது, திசுவின் உருவம் எங்கும் ஒரே சீராக மங்கி, சிவப்பணுக்களும் நிழலுருவங்களாகி, அழற்சிச் செல் எதுவும் வந்து சேராமல் இருந்தால், அதை நசிவு (உயிரோடு இருந்தபோதே திசு இறந்தது) என்று எழுத அவசரப்படக் கூடாது.

திசுவை அரை சென்டிமீட்டர் கனத்துக்கு மேல் வெட்டாதீர்கள். திசுவின் அளவைப் போலப் பத்து மடங்கு ஃபார்மலின் இருக்க வேண்டும். அதுவும் 10 விழுக்காட்டு நடுநிலைக் கரைசலாக இருப்பது நல்லது. சிறிய மருந்துப் புட்டியில் பெரிய கல்லீரல் துண்டைத் திணித்து அனுப்பினால், ஓரம் மட்டும் பதப்பட்டு நடுப்பகுதி அழுகிவிடும். அந்த ஸ்லைடில் எவராலும் எதையும் படிக்க முடியாது.

இனி நான் எழுதுவதைத் தயவுசெய்து அனைவரும் மனத்தில் கொள்ளுங்கள். தேர்வுக்குப் படிக்கும் ஆர்வத்தில் எந்தச் சடலத்தையும் உடனே திறந்துவிடாதீர்கள். நோயின் அறிகுறி ஏதும் தெரியாமல் திடீரென்று இறந்து, இயற்கைத் துளைகளில் உறையாத கருஞ்சிவப்பு இரத்தம் கசிந்து, விறைப்பும் சரிவர ஏற்படாத மாடாகவோ ஆடாகவோ இருந்தால், அது அடைப்பான் (ஆந்த்ராக்ஸ்) அன்று என்பது உறுதியாகும் வரை கத்தியைத் தொடக் கூடாது. காதுச் சிரையிலிருந்து ஒரு துளி இரத்தம் எடுத்து, பூச்சு தயாரித்து, பாலிகுரோம் மெத்திலீன் நீலத்தில் சாயமேற்றிப் பாருங்கள். நீல நிறக் கோல்களைச் சுற்றி இளஞ்சிவப்பு உறை தெரிந்தால் அத்துடன் நிறுத்திவிட்டுத் துறைக்குத் தகவல் கொடுங்கள். சடலத்தைத் திறந்தால் காற்றுப் பட்டு அக்கிருமிகள் வித்துகளாக மாறும். அந்த வித்துகள் மண்ணில் பல பத்தாண்டுகள் உயிர்த்திருக்கும். வெறிநோய் ஐயமுள்ள நாயின் மண்டையைத் திறப்பதும் தடுப்பூசி போட்டுக்கொண்டவர்கள், அதற்குரிய கவசங்களோடு செய்ய வேண்டிய வேலை.

இறைச்சிக் கூடத்தையும் மறக்க வேண்டாம். முறையாக அனுமதி பெற்றுச் சென்றால், ஒரே காலையில் நூலின் ஓர் அத்தியாயத்தையே கண்ணால் பார்த்துவிடலாம். தட்டைப்புழுவால் தடித்துச் சுண்ணாம்பேறிய பித்தக் குழாய்கள், நுரையீரலில் நீர் நிறைந்த ஹைடாடிட் பைகள், குடற்சுவரில் முடிச்சு முடிச்சாகத் தெரியும் புழுக்கள் ஆகியவை அங்கே சாதாரணமாகக் கிடைக்கும்.

கெடிலக்கரை எழுதியது:

இருவர் கருத்தையும் மதிக்கிறேன். விவரிப்பே அடிப்படை என்பதில் எனக்கும் ஐயமில்லை. ஆனால் களத்தில் காண்பதே போதும் என்ற எண்ணம் புதிதாகப் படிப்பவருக்கு வந்துவிடக் கூடாது என்பதற்காக மாற்றுக் கருத்து ஒன்றை வைக்கிறேன்.

நம் களம் நமக்கு மாடு, ஆடு, கோழி, நாய் ஆகியவற்றைத் தருகிறது. அமெரிக்கத் தேர்வோ குதிரை, பன்றி, ஆய்வக எலி, முயல், மரநாய் இனமான ஃபெரட், குரங்கு, மீன், காட்டு விலங்கு என எல்லாவற்றையும் கேட்கும். கடலூரில் எத்தனை ஆண்டு பணியாற்றினாலும், குதிரைக் குட்டியின் நுரையீரலில் ரோடோகாக்கஸ் ஈக்வை உண்டாக்கும் சீழும் மேக்ரோஃபேஜ்களும் கலந்த கட்டிகளைப் பார்க்கும் வாய்ப்பு அரிது. வயது முதிர்ந்த ஆண் எலிகளின் சிறுநீரகத்தில் இயல்பாகவே தோன்றும் நாட்பட்ட சிதைவை அறியாதவர், அதைச் சோதனை மருந்தின் நச்சு விளைவு என்று எழுதிவிடுவார். டைசர் நோய் என்ற பாக்டீரியா நோயில் கல்லீரல், இதயம், குடல் மூன்றும் சேர்ந்து பாதிக்கப்படுவதும், கல்லீரல் நசிவின் ஓரத்திலுள்ள செல்களுக்குள் குச்சிகளை அடுக்கியதுபோல் பாக்டீரியாக்கள் கிடப்பதும், வெள்ளிச் சாயத்தில்தான் அவை நன்றாகத் தெரியும் என்பதும் படித்தும் படங்களில் பார்த்துமே நமக்குத் தெரிய வேண்டியவை. ஆகவே வாரத்தில் இரண்டு இரவுகளையாவது நம் ஊரில் காண முடியாத இனங்களுக்கென்று கட்டாயமாக ஒதுக்குங்கள்.

பொது நோயியலுக்கு மருத்துவ மாணவர்கள் பயன்படுத்தும் பெரிய நூலையே படியுங்கள். கால்நடை நூல்களில் சுருக்கமாக வரும் செயல்முறைகள் அதில் விரிவாக உள்ளன. அண்மை ஆண்டுகளின் கால்நடை நோயியல் ஆய்விதழ்களையும் தள்ளிவைக்க முடியாது. தேர்வு நூலோடு நின்றுவிடுவதில்லை.

ஊசுட்டேரி எழுதியது:

கெடிலக்கரை ஐயா சொல்வது சரிதான். இனங்களைப் பற்றிய அந்த எச்சரிக்கை தேவையானது. பொது நோயியலைப் பற்றி மட்டும் ஒரு சொல். அதையும் களத்திலிருந்து பிரித்துப் படிக்க வேண்டியதில்லை. நீர்க்கோர்வை உண்டாகும் நான்கு வழிகளை மாணவர்கள் ஒப்பிப்பார்கள். தாடைக்குக் கீழே பை போல வீங்கிய செம்மறியாட்டைக் காட்டி, இது நான்கில் எது என்று கேட்டால் பலர் தயங்குவார்கள். இரைப்பையில் இரத்தம் உறிஞ்சும் ஹீமாங்கஸ் புழு ஒன்று நாளொன்றுக்கு ஏறத்தாழ 0.05 மில்லி இரத்தத்தை இழக்கச் செய்கிறது. சில ஆயிரம் புழுக்கள் உள்ள ஆட்டில் இரத்தத்தோடு ஆல்புமினும் வெளியேறுகிறது. நீரைக் குழாய்க்குள் நிறுத்திவைக்கும் அழுத்தம் குறைகிறது. மேயும்போது தலை தாழ்ந்திருப்பதால் நீர் தாடைக்குக் கீழே தேங்குகிறது. இளஞ்சோளப் பயிரைத் தின்று இறந்த மாட்டின் இரத்தம் ஏன் பளிச்சென்ற சிவப்பாக இருக்கிறது, நைட்ரேட் நச்சில் ஏன் அது சாக்லெட் நிறமாகிறது என்பதும் இதே வகையான பாடம். முன்னதில் சயனைடு நச்சால் செல்கள் ஆக்ஸிஜனைப் பயன்படுத்த முடிவதில்லை. பின்னதில் ஹீமோகுளோபின் அதைச் சுமக்க முடிவதில்லை.

பாகூர் செல்லப்பிராணி எழுதியது:

நான் புதுச்சேரியில் நாய், பூனைகளுக்கு மருத்துவம் பார்க்கிறேன். நோயியலாளர் எழுதும் அறிக்கையைப் படித்துச் சிகிச்சையை முடிவு செய்பவன் என்ற நிலையிலிருந்து ஒரு வேண்டுகோள். கட்டிகளின் தரப்படுத்தலை மதிப்பெண்ணுக்காக மட்டும் படிக்காதீர்கள். தோலில் வரும் மாஸ்ட் செல் (ஒரு வகை நோயெதிர்ப்புச் செல்) கட்டிக்கு 1984இல் வந்த மூன்று படிநிலை முறையும், 2011இல் வந்த இரண்டு படிநிலை முறையும் வழக்கில் உள்ளன. பின்னதில், பத்து உயர்திறன் பார்வைப் புலங்களில் 7 அல்லது அதற்கு மேற்பட்ட செல் பிரிவுகள், பல கருக்கள் கொண்ட செல்கள் 3 அல்லது அதற்கு மேல், விகாரமான கருக்கள் 3 அல்லது அதற்கு மேல், மிகப் பெரிதான கருக்கள் ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருந்தாலே உயர்தரம் என்று கொள்ள வேண்டும். பத்துப் புலம் என்பது நுண்ணோக்கிக்கு நுண்ணோக்கி மாறுபடுவதால், 2.37 சதுர மில்லிமீட்டர் என்ற பரப்பைக் குறிப்பிட்டு எழுதுவது இப்போது வழக்கமாகி வருகிறது. ஒற்றைக்கண் நுண்ணோக்கியில் எண்ணுபவர், தம் கண்ணருகு வில்லையின் புல எண்ணைப் பார்த்து அந்தப் பரப்புக்கு எத்தனை புலங்கள் தேவை என்று கணக்கிட்டுக்கொள்ள வேண்டும்.

தெருநாய்கள் நிறைந்த நம் ஊரில் பரவும் பால்வினைக் கட்டிக்குக் குறைவே இல்லை. ஊசியால் உறிஞ்சி எடுத்த செல்களில், சைட்டோபிளாசத்தில் தெளிவான சிறு குமிழ்கள் வரிசையாகத் தெரியும். வட்டச் செல் கட்டிகளைப் பிரித்தறியப் பழக இதைவிட எளிதான தொடக்கம் இல்லை. தேவையானவர்களுக்குச் சாயமேற்றிய பூச்சுகளை நான் தர முடியும்.

குறிஞ்சிப்பாடி மருந்தகம் எழுதியது:

அனைவருக்கும் மிக்க நன்றி. அம்மா கூறியபடியே இந்த வாரம் தொடங்கிவிட்டேன். கருத்தறிய ஒன்றை இங்கே வைக்கிறேன்.

சுமார் எட்டு மாத வயதுடைய வெள்ளாட்டுக் கிடா. வாரச் சந்தையில் வாங்கி வந்து சில நாள்களில் மூக்கொழுக்கு, வாய்ப்புண், கழிச்சல் கண்டு இறந்தது. தடுப்பூசி போட்ட விவரம் இல்லை. நுரையீரலின் முன் கீழ்ப் பகுதிகள் கருஞ்சிவப்பாகக் கெட்டிப்பட்டிருந்தன. நுரையீரல் ஸ்லைடுக்கு நான் எழுதியது இது:

“நுரையீரலில் கடுமையான நிமோனியா காணப்படுகிறது. வைரஸ் தொற்றினால் சின்சிஷியச் செல்கள் உருவாகியுள்ளன. நியூட்ரோஃபில்கள் மிகுதியாக உள்ளன. பாக்டீரியாத் தொற்றும் சேர்ந்துள்ளது. முடிவு: ஆட்டுக்கொல்லி நோய்.”

ஸ்லைடின் படங்களையும் இணைத்துள்ளேன்.

ஊசுட்டேரி எழுதியது:

படங்களைப் பார்த்தேன் டாக்டர். நோயைச் சரியாகவே ஊகித்திருக்கிறீர்கள். ஆனால் உங்கள் ஐந்து வரிகளில் கண்ணால் கண்டது இரண்டே. மற்றவை நீங்கள் முடிவு செய்தவை. நிமோனியா என்பது முடிவு. வைரஸ் தொற்றினால் என்பது முடிவு. பாக்டீரியாத் தொற்று என்பதும் முடிவு. பாக்டீரியாத் திரள்கள் ஸ்லைடில் இருந்தால் அவை எங்கே, எந்த வடிவத்தில் உள்ளன என்று எழுதுங்கள், இல்லையென்றால் அந்த வரியை எடுத்துவிடுங்கள். எத்தனை விழுக்காடு நுரையீரல் பாதிக்கப்பட்டுள்ளது? மூச்சுச் சிறுகுழாய்களின் எபிதீலியம் உரிந்திருக்கிறதா, பெருகியிருக்கிறதா? நியூட்ரோஃபில்கள் என்ற வெள்ளணுக்கள் சிறுகுழாயின் உள்ளேயா, காற்று நுண்ணறைகளிலா, இடைத்திசுவிலா? பல செல்கள் ஒன்றிணைந்து உருவான சின்சிஷியச் செல்லில் எத்தனை கருக்கள்? வைரஸ் தொற்றிய செல்லினுள் தெரியும் இன்க்ளூஷன் பாடிகள் கருவினுள்ளா, சைட்டோபிளாசத்திலா, இரண்டிலுமா? உங்கள் மூன்றாவது படத்தில் இரண்டிடத்திலும் எனக்குத் தெரிகின்றன. அதுவே உங்கள் முடிவுக்கு மிக வலுவான சான்று, அதைப் பற்றி நீங்கள் ஒரு சொல்கூட எழுதவில்லை.

இந்த நோயை ஒரு தனிப் பொறுப்போடு விவரிக்க வேண்டியவர்கள் நாம். இந்தியாவில் ஆட்டுக்கொல்லி நோய் முதன்முதலில் கண்டறியப்பட்டது 1987இல், அன்றைய தென்னாற்காடு மாவட்டத்தைச் சேர்ந்த அரசூரில். ஆடுகளுக்கு இத்தகைய நோய் வந்தபோதெல்லாம் அதை மாட்டு வெக்கை நோயின் வைரஸாகவே கருதி வந்த காலம் அது. வெக்கை நோய் உலகிலிருந்தே ஒழிக்கப்பட்டதாக 2011இல் அறிவிக்கப்பட்டது. ஆட்டுக்கொல்லி நோய் இன்றும் நம் சந்தைகளில் இருக்கிறது. இரண்டிலும் வாயிலும் குடலிலும் அரிப்புப் புண்கள் ஒன்றுபோலவே தெரியும். ஆட்டுக்கொல்லி நோயில் நுரையீரல் பாதிப்பு மேலோங்கி நிற்கும். வேறு நாட்டுத் தேர்வர்கள் படத்தில் மட்டும் பார்த்திருக்கும் ஒன்றை நீங்கள் கையில் வைத்திருக்கிறீர்கள். மீண்டும் எழுதி அனுப்புங்கள்.

குறிஞ்சிப்பாடி மருந்தகம் எழுதியது:

மீண்டும் எழுதியது:

“நுரையீரல்: பார்க்கப்படும் பகுதியில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில், மூச்சுச் சிறுகுழாய்களும் அவற்றைச் சூழ்ந்த காற்று நுண்ணறைகளும், மிகுதியான சிதைந்த நியூட்ரோஃபில்கள், அவற்றினும் குறைந்த மேக்ரோஃபேஜ்கள், ஃபைப்ரின், செல் சிதைவுகள் ஆகியவற்றால் நிரம்பியுள்ளன. சிறுகுழாய்களின் எபிதீலியம் சில இடங்களில் நசிந்து உரிந்தும், பிற இடங்களில் அடுக்கடுக்காகப் பெருகியும் உள்ளது. நுண்ணறைகளின் சுவர்கள் லிம்ஃபோசைட்டுகளாலும் மேக்ரோஃபேஜ்களாலும் தடித்து, இரண்டாம் வகை நியூமோசைட்டுகளால் போர்த்தப்பட்டுள்ளன. நுண்ணறைகளினுள் 4 முதல் 12 வரை கருக்கள் கொண்ட சின்சிஷியச் செல்கள் உள்ளன. அவற்றிலும் சிறுகுழாய் எபிதீலியச் செல்களிலும், வட்டமான இளஞ்சிவப்பு இன்க்ளூஷன் பாடிகள் கருவினுள்ளும் சைட்டோபிளாசத்திலும் காணப்படுகின்றன. சில நுண்ணறைகளில் நுண்ணிய, நீல நிறக் கோக்கோபாசில்லஸ் திரள்கள் உள்ளன.

உருவவியல் முடிவு: நுரையீரல், மூச்சுச் சிறுகுழாய் மற்றும் இடைத்திசு அழற்சி, நசிவும் சீழும் கூடியது, பல இடங்களில் பரவி ஒன்றிணைந்தது, குறுங்காலத்தது, கடுமையானது, சின்சிஷியச் செல்களும், கருவினுள்ளும் சைட்டோபிளாசத்திலும் அமைந்த இன்க்ளூஷன் பாடிகளும், பாக்டீரியாத் திரள்களும் உடன் உள்ளன.

நோய்க்காரணி: சிறு அசைபோடும் விலங்குகளின் மார்பில்லி வைரஸ்; அதைத் தொடர்ந்த பாக்டீரியாத் தொற்று.”

கெடிலக்கரை எழுதியது:

இது தேர்வுத்தாளில் வைக்கத்தக்க விடை. ஒரே ஒரு திருத்தம்: பாக்டீரியாத் திரள்களுக்குக் கிராம் சாயம் கேட்பேன் என்று ஒரு வரி சேருங்கள். அடுத்து என்ன சோதனை செய்வீர்கள் என்ற கேள்விக்கு அதுவே விடையாகும். வைரஸை உறுதிப்படுத்த நோயெதிர்ப்பு வேதிச் சாயத்தையும் பி.சி.ஆர். சோதனையையும் குறிப்பிடலாம்.

முதலியார்பேட்டை மாணவர் எழுதியது:

இரண்டு விவரிப்புகளையும் அருகருகே வைத்துப் படித்தபின், அட்டைகளை ஒதுக்கிவிட்டு நாளை முதல் ஸ்லைடில் தொடங்குவது என்று முடிவு செய்துவிட்டேன். வாரத்துக்கு ஒருமுறை இந்த இழையிலேயே ஒரு நிகழ்வை வைத்து அனைவரும் எழுதலாமா?

ஊசுட்டேரி எழுதியது:

எழுதலாம் தம்பி. திருத்தித் தருவதற்கு எனக்கு நேரம் இருக்கிறது. இந்த ஆட்டின் பெருங்குடலையும் குடல்தாங்கி நிணநீர்க்கணுவையும் டாக்டர் ஃபார்மலினில் எடுத்து வைத்திருந்தால் முதலில் அவற்றையே பார்ப்போம். பெருங்குடலின் மடிப்புகளின் மேல் வரிவரியாக இரத்தக்கட்டு இருந்ததா என்பதையும் உங்கள் பிரேதப் பரிசோதனைக் குறிப்பிலிருந்து எழுதுங்கள். பாகூர் டாக்டர் தருவதாகச் சொன்ன பூச்சுகள் அதற்கடுத்த வாரத்துக்கு இருக்கட்டும். விடைகளை ஞாயிற்றுக்கிழமை இரவுக்குள் பதிவிடுங்கள். அதுவரை எவரும் நோயின் பெயரை எழுத வேண்டாம்.